கித்தாருக்கு ஏற்ற பிக்

தானா ராத்தா, பிரிஞ்சாங், ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் மாலை நேரத்தில் கித்தார் ஒலி கேட்பது புதிய செய்தி அல்ல. கோயில் திருவிழா, தீபாவளி விருந்து, மாதா கோயில் பாட்டு என்று எதற்கும் ஓர் இளைஞர் கித்தாரும் கையுமாக வந்துவிடுகிறார். 1961-ஆம் ஆண்டு கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவினரும் சிங்கப்பூருக்கு வந்து வாசித்துவிட்டுப் போனார்கள். அதன் பிறகு இந்த நாட்டில் கித்தார்க் குழுக்கள் மழைக்குப் பின் காளான்போல் முளைத்தன. 'கூகிரான்' என்று மலாய்க்காரர்கள் பெயர் வைத்தார்கள். அந்த அலை தோட்டப்புறத்தையும் தொட்டது. அன்று வந்த கித்தார் இன்னும் நம்மைவிட்டுப் போகவில்லை.

ஆனால் நான் இன்று பேச வந்தது கித்தாரைப் பற்றி அல்ல. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துக் கம்பியை மீட்டுகிறோமே, அந்தச் சிறிய தகட்டைப் பற்றி. அதைப் பிக் என்கிறோம். முன்னூறு, நானூறு வெள்ளி கொடுத்துக் கித்தார் வாங்குகிறவர், ஓரிரு வெள்ளி விலையுள்ள பிக்கை மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததே போதும் என்று வாங்கி வந்துவிடுகிறார். பிறகு ஆறு மாதம் கழித்து, 'எனக்குக் கை வரவில்லை, இசை என் ராசிக்கு இல்லை' என்று கித்தாரைச் சுவரில் மாட்டிவிடுகிறார். கை வராததற்குக் காரணம் பல சமயங்களில் ராசி அல்ல, கையில் இருக்கும் பிக்தான். வீட்டில் ஒரு பிள்ளை இப்படிச் சோர்ந்துபோயிருந்தால் தாய் தகப்பன்மார் முதலில் அந்தத் தகட்டை எடுத்துப் பார்க்கவேண்டும்.

தந்தியை மீட்டுவதற்கு ஒரு கருவி வேண்டும் என்பது நமக்குப் பழைய செய்தி. வீணை வாசிக்கிறவர்கள் சிலர் நகத்தாலேயே மீட்டுவார்கள். சிலர் கம்பியை வளைத்துச் செய்த மீட்டு என்ற வளையத்தை விரலில் மாட்டிக்கொள்வார்கள். சித்தார் வாசிப்பவருக்கு மிசுராப். ஜொகூரில் மலாய்க்காரர்களின் கசல் இசையைக் கேட்டிருப்பீர்கள். நம் ஆர்மோனியமும் தபேலாவும் அதில் உண்டு, கூடவே காம்புஸ் என்ற வாத்தியமும் உண்டு. அந்தக் காம்புஸையும் தகடு பிடித்துத்தான் மீட்டுகிறார்கள். கித்தார் பிக் இந்தக் குடும்பத்தில் ஒரு தம்பி, அவ்வளவுதான்.

முன்னாளில் உயர்ந்த பிக் என்றால் அது அழுங்காமை ஓட்டில் செய்ததுதான். மலாயில் பெஞ்ஞு சிசிக் என்பார்கள். அதே ஓட்டில்தான் சீப்பும் மூக்குக்கண்ணாடிச் சட்டமும் செய்தார்கள். ஓர் ஆமையைக் கொன்று ஒரு சீப்பு! அந்த ஆமை நம் மலாக்கா கடற்கரையிலும் சபாவின் ஆமைத் தீவுகளிலும் இன்றும் முட்டையிட வருகிறது. அழிந்துவரும் உயிர்களின் வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம் 1973-ல் கையெழுத்தாகி 1975-ல் நடப்புக்கு வந்தது. அதன்கீழ் அந்த ஓட்டை நாடுவிட்டு நாடு விற்பது தடை செய்யப்பட்டது. ஆகவே யாராவது 'அசல் ஆமை ஓடு' என்று சொல்லி ஒரு பிக்கை நீட்டினால் வாங்கவேண்டாம்.

அதற்கு வெகு முன்பே மாற்று வந்துவிட்டது. 1922-ல் நியூயார்க் நகரில் டி'ஆண்ட்ரியா என்பவர் செல்லுலாய்டுத் தகட்டிலிருந்து பிக் வெட்டி விற்கத் தொடங்கினார். செல்லுலாய்டு என்றால் பழைய சினிமாப் படச்சுருள் இருந்ததே, அந்தப் பொருள்தான். பிறகு நைலான் வந்தது. 1981-ல் டன்லப் நிறுவனத்தார் டோர்டெக்ஸ் என்ற வகையைக் கொண்டுவந்தார்கள். ஆமை ஓட்டின் ஒலிக்கு ஈடாக இருக்கவேண்டும் என்று செய்தது அது. கடையில் வழவழப்பில்லாமல், மாவு பூசினாற்போல், சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகக் கிடப்பவை அந்த இனம். அந்த நிறங்கள் அழகுக்காக வைத்தவை அல்ல, கனத்தைச் சொல்பவை. சிவப்பு என்றால் 0.50 மில்லிமீட்டர், ஆரஞ்சு 0.60, மஞ்சள் 0.73, பச்சை 0.88, நீலம் 1.00, ஊதா 1.14. எழுத்து அழிந்துபோனாலும் நிறத்தைப் பார்த்துக் கனத்தைச் சொல்லிவிடலாம். மற்ற நிறுவனங்களின் நிறத்துக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

கனம் என்று சொன்னேன். பிக்கைத் தேர்ந்தெடுப்பதில் முதலில் பார்க்கவேண்டியது அதுதான். நீங்கள் என்ன வாசிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது.

பஜனையிலோ மாதா கோயிலிலோ பாடுகிறவர்களுக்குப் பின்னணியாக ஆறு கம்பிகளையும் மேலும் கீழுமாக வீசி வாசிப்பவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு 0.50 முதல் 0.73 வரை உள்ள மெல்லிய பிக் பொருந்தும். அது கம்பியில் படும்போது தானே வளைந்து கொடுத்து நழுவிப் போகும். கை ஒரே வேகத்தில் ஓடும், தாளம் இடறாது. தடித்த பிக்கை வைத்து அதே வேகத்தில் வீசினால் அது வளையாது, கம்பிதான் விலகவேண்டும். முதல் கம்பி 'டங்' என்று அறுந்து முகத்தில் அடிக்கும்.

அடுத்தவர் பாட்டின் மெட்டை ஒவ்வொரு கம்பியாகத் தொட்டு வாசிப்பவர். லீட் என்கிறோமே, அது. அவருக்கு மெல்லிய பிக் உதவாது. தொட்ட இடத்தில் ஒலி எழுவதற்கு முன்பே பிக் வளைந்து பின்தங்கிவிடும். வாசிப்பவர் தன் விரல் மெதுவாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். 0.88-க்கு மேல், 1 மில்லிமீட்டர், 1.14 என்று எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே வாரத்தில் வேறு ஆளாகத் தெரிவார்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வாசிப்பு உண்டு. 1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் இளையராஜா இசையமைத்த நிலாப் பாட்டு உங்களுக்குத் தெரியும். கித்தார் கற்கும் நம் பிள்ளைகளில் அந்தத் தொடக்கத்தை வாசித்துப் பார்க்காதவர் இருக்கமாட்டார். கோர்டைப் பிடித்துக்கொண்டு கம்பிகளை ஒவ்வொன்றாக உதிர்த்துக்கொண்டே போகவேண்டும். பிக் பிடித்து அதை வாசிக்க நினைப்பவருக்கு நான் சொல்வது 0.73. அதைவிட மெல்லியதானால் 'சட சட' என்று பிளாஸ்டிக்கின் ஓசை பாட்டோடு சேர்ந்து கேட்கும். தடித்ததானால் ஒரு கம்பி உரக்கவும் ஒன்று மெல்லவும் ஒலிக்கும்.

கடைக்குப் போகிறவர்கள் ஒரே மாதிரி ஐந்து வாங்கவேண்டாம். சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போ வரை இறங்கிப் போனதற்கு, கனம் மாற்றி மூன்று வாங்கி வாருங்கள். வீட்டில் ஒரே பாட்டை மூன்றிலும் வாசியுங்கள். வாசிப்பவர் காதைவிட, அடுத்த அறையில் சமைத்துக்கொண்டிருக்கும் அம்மாவின் காது நல்ல நீதிபதி. எது இனிமையாக இருந்தது என்று அவரைக் கேளுங்கள்.

இரண்டாவது, நுனி. கூரான நுனி கம்பியில் கொஞ்சமாகத்தான் படும். அதனால் ஒலி தெளிவாகவும் கறாராகவும் வரும். உருண்டையான நுனி அதிகம் படும், ஒலி தணிந்து, கனிந்து வரும். ஒரு சிக்கனமான வழி சொல்கிறேன். சாதாரணப் பிக்குக்கு ஒரு கூர்நுனியும் இரண்டு உருண்டைத் தோள்களும் இருக்கின்றன அல்லவா? பிக்கைத் திருப்பித் தோள் பக்கத்தால் வாசித்துப் பாருங்கள். தனியாக ஒரு பிக் வாங்கியதுபோல ஒலி மாறும். பழைய பாட்டுகளுக்கு, தாலாட்டுபோல மெல்ல வாசிக்கவேண்டியவற்றுக்கு, எனக்கு அந்தத் தோள்தான் பிடிக்கும்.

மூன்றாவது, பிடி. இதில்தான் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வசதியும் உண்டு, ஒரு தொல்லையும் உண்டு.

வசதி என்னவென்றால், பிக்கை எப்படிப் பிடிப்பது என்று மற்றவர்களுக்கு விளக்குவது கடினம். உங்களுக்கு ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்தைக் கசக்காமல் பிடிப்பதுபோல் பிடியுங்கள். கட்டைவிரலின் வயிற்றுப் பக்கமும் ஆள்காட்டி விரலின் ஓரமும் சேர்ந்து பிடிக்கவேண்டும். நழுவவும் கூடாது, நசுங்கவும் கூடாது. கையால் கொழுந்து கிள்ளிய காலத்துப் பாட்டிமார் இதைப் பேரப்பிள்ளைக்குக் காட்டிக் கொடுக்கலாம்.

தொல்லை என்னவென்றால், இன்று வேலை பெரும்பாலும் கத்தரியும் இயந்திரமுமாக ஆகிவிட்டது. பகல் முழுவதும் கத்தரியை இறுக்கிப் பிடித்த கை மாலையில் பிக்கையும் அதே இறுக்கத்தில் பிடிக்கும். மணிக்கட்டு மரத்துப்போகும், தாளம் கல்லாகும். அத்தோடு மலைக் குளிரும் மழை ஈரமும் சேர்ந்தால் வழவழப்பான பிக் விரலிலிருந்து வழுக்கி ஓடும். வழுக்குகிறதே என்று இன்னும் இறுக்குவோம். இந்தச் சுற்று நிற்கவேண்டுமானால் பிக்கை மாற்றவேண்டும். சிறிய பிக்குக்குப் பதில் பெரிய முக்கோணப் பிக் வாங்குங்கள். பிடிக்க இடம் அதிகம் இருப்பதால் இறுக்கம் தானே குறையும். மூன்று மூலையும் ஒன்றுபோல் இருப்பதால் ஒன்று தேய்ந்தால் மற்றதைத் திருப்பிக்கொள்ளலாம். அதுவும் ஆகாதென்றால் கட்டைவிரலில் மோதிரம்போல் மாட்டிக்கொள்ளும் பிக் இருக்கிறது. அதைப் பிடிக்கவே வேண்டாம். ஆனால் கை மரத்துப்போவது இரவிலும் தொடர்ந்தால் பிக்கை நம்பிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் கையைக் காட்டவேண்டும்.

இனி, வாங்கிய பிக்கை நமக்கேற்பத் திருத்திக்கொள்வது எப்படி என்று பார்ப்போம்.

வழுக்கல் நிற்க, ஓர் ஊசியால் பிக்கின் நடுவில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறுங்கள். இரு பக்கமும் கீறவேண்டும். அல்லது காகிதத்தில் துளை போடும் கருவியால் நடுவில் ஒரு துளை இடுங்கள். கட்டைவிரலின் சதை அந்தத் துளையில் சற்றுப் பதிந்து பிடித்துக்கொள்ளும். சைக்கிள் டியூபில் காசளவு வெட்டி ஒட்டுகிறவர்களும் உண்டு. ஊசியைப் பழுக்கக் காய்ச்சித் துளையிடுவது மட்டும் வேண்டாம். செல்லுலாய்டு குபீரென்று தீப்பற்றும். பழைய சினிமாக் கொட்டகைகள் எரிந்த கதை பெரியவர்களுக்குத் தெரியும். பிள்ளைகள் கையில் இருக்கும் பிக் எந்தப் பொருளில் செய்தது என்று நமக்கு எப்படித் தெரியும்? எதையும் நெருப்பில் காட்டவேண்டாம்.

வாசிக்கும்போது கம்பியில் 'கீச்' என்று உராயும் ஓசை வந்தால் பிக்கின் விளிம்பைப் பாருங்கள். அச்சில் வெட்டிய சதுர விளிம்பு அப்படியே இருக்கும். மரவேலைக்காரர்கள் பயன்படுத்தும் உப்புத்தாளில் 400-ஆம் எண் போதும். விளிம்பை ஒரு பக்கமாகச் சாய்த்து நாலைந்து தடவை தேயுங்கள். வலக்கையால் வாசிப்பவருக்கு ஒரு சாய்வு, இடக்கையால் வாசிப்பவருக்கு எதிர்ச் சாய்வு. எது என்று குழம்பவேண்டாம். நாலு நாள் வாசித்த பிக்கைப் பாருங்கள், கம்பியே எந்தப் பக்கம் தேய்த்திருக்கிறது என்று தெரியும். அந்தப் பக்கத்தையே நீங்களும் தேயுங்கள். பிறகு 1000-ஆம் எண் தாள், கடைசியில் பழைய ஜீன்ஸ் துணி. நுனி கண்ணாடிபோல் மின்னவேண்டும். சொரசொரப்பாக விட்டால் அதுவே கம்பிக்கு அரமாகிவிடும்.

சொந்தமாகவே பிக் செய்யலாமா என்று கேட்பீர்கள். தாராளமாகச் செய்யலாம். வங்கி அட்டையின் கனம் உலகம் முழுவதும் ஒன்றுதான், 0.76 மில்லிமீட்டர். நடுத்தரப் பிக்கின் கனம் அது! காலாவதியான அட்டையின்மேல் ஒரு பிக்கை வைத்துக் கோடு போட்டு, கோட்டுக்குச் சற்று வெளியே கத்தரித்து, பின்பு தேய்த்துச் சரிசெய்யுங்கள். ஓர் அட்டையில் நாலைந்து தேறும். பிளாஸ்டிக் மென்மையானதால் நுனி விரைவில் தேயும். பரவாயில்லை, செலவில்லாத பொருள்தானே. ஒன்று சொல்லிவிடுகிறேன்: அடையாள அட்டையும் அதே அளவு, அதே கனம்தான். நம் தோட்டப்புறத்தில் அந்த அட்டைக்காக எத்தனை பேர் எத்தனை முறை பதிவு அலுவலகப் படி ஏறியிருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அதைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டுக் கத்தரியை எடுங்கள்.

இன்னும் உயர்ந்த பொருள் ஒன்று ஒவ்வொரு வீட்டு அடுப்படியிலும் கிடக்கிறது. கேமரன் மலைக் குளிரில் தென்னை காய்க்காது என்றாலும், கீழேயிருந்து தேங்காய் ஏறி வராத நாள் இல்லை. சிரட்டையைத்தான் சொல்கிறேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இந்துஸ்தானி இசையில் சரோத் என்ற பெரிய வாத்தியம் இருக்கிறது. எஃகுக் கம்பி பூட்டியது. அதை மீட்டும் தகட்டுக்கு ஜவா என்று பெயர். அந்த ஜவாவைத் தேங்காய்ச் சிரட்டையில்தான் செய்கிறார்கள். 1922 முதல் 2009 வரை வாழ்ந்த அலி அக்பர் கான் உலக மேடைகளில் வாசித்த வாத்தியம் அது. நாம் அகப்பை செய்துவிட்டு எறிகிற பொருளுக்கு அப்படி ஒரு சபை!

நன்றாக முற்றிய, வெடிப்பில்லாத சிரட்டையாகப் பாருங்கள். வளைவு குறைந்த பக்கத்துத் துண்டை எடுத்துக்கொள்ளவேண்டும். இரும்பு அறுக்கும் சிறிய வாளால், வேண்டிய அளவுக்குச் சற்றுப் பெரிதாக வெட்டுங்கள். பிள்ளைகள் செய்வதானால் இந்த வேலையைப் பெரியவர்கள் செய்து கொடுங்கள். வெளிப்பக்க நாரையும் உட்பக்கத் தோலையும் சுரண்டி எடுத்துவிட்டு, கரடுமுரடான உப்புத்தாளைச் சமதளப் பலகையில் விரித்து, அதன்மேல் துண்டை வைத்துத் தேயுங்கள். தூசு மூக்கில் போகாமல் துணி கட்டிக்கொள்ளுங்கள். நடுப்பகுதி 2 மில்லிமீட்டர் இருக்கலாம். நுனி 1 மில்லிமீட்டருக்கு வரவேண்டும். உட்குழிவு கட்டைவிரலுக்கு வரும்படி பிடித்தால், அளவெடுத்துச் செய்ததுபோல் உட்காரும். கடைசியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிடுங்கள். எண்ணெய் மிஞ்சினால் வழுக்கும்.

ஒலி எப்படி இருக்கும்? பிளாஸ்டிக்கின் கறார் இருக்காது. சற்று இருண்ட, மரத்தின் ஒலி. நைலான் தந்தி போட்ட கித்தாரில் மிக நன்றாக இருக்கும். எஃகுக் கம்பியில் நுனி தேயும், வாரம் ஒருமுறை தாளில் இரண்டு இழுப்பு இழுத்துச் சரிசெய்யவேண்டும்.

உலோகத்தில் செய்தால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. இங்கிலாந்தில் குவீன் குழுவின் பிரையன் மே, பழைய ஆறு பென்ஸ் நாணயத்தாலேயே வாசிக்கிறவர். நாணயம் வளையாது. ஆகவே வளைந்து கொடுக்கும் வேலை முழுவதும் விரலுக்கு வந்துவிடுகிறது. கை பக்குவப்பட்டவருக்கு அது சரி. தொடக்கக்காரர் செய்தால் கம்பிக்குத்தான் செலவு.

பிக்கே வேண்டாம் என்பவர்களும் பெரிய கலைஞர்களாக இருந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் வெஸ் மாண்ட்கோமரி என்ற ஜாஸ் கலைஞர் இருந்தார். பகலில் தொழிற்சாலை வேலை, இரவில் பயிற்சி. அண்டை வீட்டார் சத்தத்தைப் பற்றிக் குறை சொன்னார்கள். அவர் பிக்கைக் கீழே வைத்துவிட்டுக் கட்டைவிரலின் சதையால் வாசிக்கத் தொடங்கினார். ஒலி மெத்தையில் விழுந்ததுபோல் அடங்கியது. நாளடைவில் அந்த அடங்கிய ஒலிதான் அவருடைய முத்திரையாயிற்று. 1968-ல் அவர் காலமான பிறகும், கட்டைவிரல் வாசிப்பு என்றால் அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

லயத்து வீட்டில் ஒரு பலகைக்கு அந்தப் பக்கம் அடுத்த குடும்பம் படுத்திருக்கும். விடியற்காலை எழுந்து பெரட்டுக்குப் போகவேண்டியவர்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் வாசிக்கிற தம்பிமார்கள் பிக்கைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுக் கட்டைவிரலால் வாசித்துப் பழகுங்கள். சட்டையைத் துவைக்கப் போடும் முன்பு அந்தப் பையை ஒருமுறை தடவிப் பார்க்கும்படி வீட்டில் சொல்லி வையுங்கள். சலவை நீரோடு போன பிக்குகளுக்குக் கணக்கே இல்லை. ஒரு தீப்பெட்டியில் போட்டுக் கித்தார்ப் பைக்குள் வைப்பது எல்லாவற்றிலும் நல்லது.